லாண்ட்ரியில் எரிந்த சுருட்டு

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் கப்பல் வேலையை விடுவதற்கு முன் என்னிடம் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவள். இப்போது ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறாள்.

"அங்கிள், எங்க கம்பெனியில கப்பல் முழுக்க சிகரெட்ட நிறுத்தப் போறாங்க. ரூம்ல கிடையாது, பால்கனியில கிடையாது, கெசினோவுல கூட கிடையாது. அடுத்த வாரம் மீட்டிங். உங்க காலத்துல இதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சாமே?"

சண்டை என்று சொல்ல முடியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடினோம், அவ்வளவுதான். ஆனால் அந்த வாதம் போய் முடிந்த இடம் கொஞ்சம் விசித்திரமானது. போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் அடிப்படையில் கப்பல்காரன் இல்லை, பொம்பாக்காரன். இங்கே தீயணைப்புப் படைக்கு எல்லாரும் சொல்லும் பெயர் அதுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். அப்பா ரயில்வேயில் கிளார்க். எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் பையன் நன்றாகப் படித்தால் டாக்டர், சுமாராகப் படித்தால் ஆபீஸ். நான் எழுபதுகளில் பொம்பாவில் சேர்ந்ததும் அப்பா சில மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு சொந்தக்காரர்களிடம் "கவர்மெண்ட் சர்வீஸ்" என்று மட்டும் சொல்லிச் சமாளித்துக்கொண்டார். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், நனைந்தோம், திட்டு வாங்கினோம்.

அந்த வேலையில் எத்தனையோ தீயைப் பார்த்தாலும் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மெத்தைத் தொழிற்சாலை. முதலாளி கண்டிப்பானவர். சிகரெட் பிடித்தால் வேலை போய்விடும் என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருந்தார். ஆனால் பிடிக்கிறவர்கள் எங்கே போய்ப் பிடிப்பது என்று ஒரு மூலையைக்கூடக் காட்டவில்லை. ஒரு மழை நாளில் ஒருவன் ஸ்டோருக்குள் ஒளிந்து நின்று பிடித்திருக்கிறான். சூப்பர்வைசரின் காலடிச் சத்தம் கேட்டதும் துண்டை மெத்தை அடுக்குகளுக்கு நடுவில் செருகிவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை உட்கார்ந்துவிட்டது. யாரும் சாகவில்லை. ஆனால் வேலை போய்விடும் என்று ஒளிந்த அந்த ஒருவனோடு சேர்த்து எல்லாருடைய வேலையும் போனது. இடம் காட்டாமல் தடை போட்டால் என்ன ஆகும் என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் பொம்பாவிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு கப்பலில் சேர்ந்தேன். போர்ட் கிள்ளானில் புறப்பட்டு பினாங்கு, பூக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல். நான் அதில் தீ ரோந்துக் குழுவின் தலைவன். வேலை சொல்வதற்குச் சுலபம். தோளில் ஒரு கடிகாரத்தை மாட்டிக்கொண்டு கப்பல் முழுக்க நடக்க வேண்டும். ஒவ்வொரு முக்கிலும் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். அந்தச் சாவியைக் கடிகாரத்தில் விட்டுத் திருகினால், இந்த இடத்துக்கு இந்த நேரத்தில் வந்தான் என்று உள்ளே பதிவாகிவிடும். ஏமாற்ற முடியாது. சாவியைத் திருகியதும் நின்று மோந்து பார்க்க வேண்டும். கப்பலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாசனை உண்டு. அது மாறினால் ஏன் மாறியது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டாஃப் கேப்டன் லார்சன். கேப்டனுக்கு அடுத்த இடம் அவருக்கு. கப்பலின் பாதுகாப்பும் ஒழுங்கும் அவர் கையில். நார்வேக்காரர், ஆள் ஒல்லி, குரல் உயராது. மூடிய கதவு எதுவானாலும் திறப்பதற்கு முன் புறங்கையை அதன்மேல் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். தீ அணைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இவர் தன் சொந்த கேபின் கதவையும் காபி அறைக் கதவையும்கூட அப்படித்தான் திறப்பார். யார் எந்த யோசனை சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "அதற்குப் பிறகு?" பதில் சொன்னால் மறுபடியும் "அதற்குப் பிறகு?" நம்மிடம் பதில் தீர்ந்துபோகும்வரை விடமாட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. அவர் பைப் பிடிப்பவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தப் போகிறார்கள், எங்கெங்கே தடை போடலாம் என்று கப்பலே கூடிப் பேசிச் சொல்லட்டும் என்றார்கள். லார்சன் எங்களை ஆபிசர் மெஸ்ஸில் உட்கார வைத்தார். புகையிலை அடைத்த பைப்பைக் கையில் வைத்திருந்தார், பற்றவைக்கவில்லை.

துப்புரவுப் பிரிவின் தலைவி கார்மென் முதலில் ஆரம்பித்தார். பிலிப்பைன்ஸ்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார், அன்று சிரிக்கவில்லை. படுக்கை விரிப்பில் ஓட்டை, கம்பளத்தில் ஓட்டை, ஆரஞ்சுத் தோலில் சாம்பல், போதாததற்குக் குளியல் தொப்பியை எடுத்துப் புகை கண்டுபிடிக்கும் கருவிக்கு மாட்டிவிட்டுப் பிடிக்கிறார்கள் என்றார். கேபின்களில் முழுத் தடை வேண்டும் என்பது அவர் கட்சி.

கெசினோ மேனேஜர் மிஸ்டர் சான் ஈப்போக்காரர், நேராகப் பேசுகிற மனிதர். "சிகரெட்டுக்காக மேசையை விட்டு எழுந்தவன் திரும்பி வந்து உட்காரமாட்டான். என் இடத்தைத் தொடாதீர்கள்" என்றார்.

என் முறை வந்தபோது ஸ்ரீ கெம்பாங்கான் கதையைச் சொன்னேன். கேபினில் தடை போடுங்கள், ஆனால் பயணிகளுக்கு ஒவ்வொரு தளத்திலும் ஓர் இடம் காட்டுங்கள். வேலையாட்களுக்குக் கப்பலின் பின்பக்கத் திறந்த தளத்தில் மணல் பெட்டி வைத்து ஓர் இடம் கொடுங்கள். இவ்வளவும் கொடுத்த பிறகு லாண்ட்ரி, பெயின்ட் ஸ்டோர், எஞ்சின் அறை போன்ற இடங்களில் எவனாவது பிடித்தால் ஈவு இரக்கமே கூடாது, போர்ட் கிள்ளான் வந்ததும் பெட்டியோடு இறக்கிவிட வேண்டும் என்றேன். லார்சன் வழக்கம்போல் "அதற்குப் பிறகு?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் தலையாட்டினார். கெசினோவுக்கு விலக்கு கிடைத்தது. மற்றபடி நான் சொன்னதுதான் சட்டமானது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

சட்டம் வந்த கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் லாண்ட்ரியில் சாவியைத் திருகிவிட்டு மோந்து பார்த்தேன். சோப்பு, ஆவி, சூடான துணி. அதற்கு அடியில் புகையிலை.

லாண்ட்ரி கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது. ஆவி எந்நேரமும் நிறைந்திருப்பதால் அங்கே புகையைக் கண்டுபிடிக்கும் கருவி வேலைக்கு ஆகாது, சூட்டைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இருக்கும். சூடு ஏறி அது அலறுவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். துணி உலர்த்தும் யந்திரங்களின் பின்னால் பஞ்சுத்தூசி சேர்ந்துகொண்டே இருக்கும். எத்தனை தடவை துடைத்தாலும் சேரும். ஒரு பொறி போதும். கப்பலில் நான் பயந்த இடம் அது ஒன்றுதான்.

வாசனையைப் பிடித்துக்கொண்டே போனேன். கடைசி யந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் அலமாரித் தட்டில், முனியாண்டி படம். முன்னால் ஒரு பால் டின் நிறைய செம்மண். மண்ணில் குத்தி நிறுத்திய சுருட்டு பாதிவரை எரிந்து அணைந்திருந்தது.

மனிதன் பிடித்த சுருட்டு இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாய் வைத்திருந்தால் அடிப்பக்கம் நனைந்து கறுத்திருக்கும். இது காய்ந்திருந்தது, சாம்பலும் உடையாமல் அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் சுருட்டுப் பிடிக்கிற சாமி கிடையாது, பிள்ளையாரும் முருகனும்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலியாட்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு முனி இருந்தார். அப்பா போகாதே என்று சொன்ன இடம் என்பதால் நான் அடிக்கடி போன இடம்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது, எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை. யார் வைத்தது என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த தமிழ் ஆட்கள் எல்லாரும் கையிலிருந்த துணியையே பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரான பெருமாள்தான் முன்னால் வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசாதவர், வேலையில் குறை சொல்ல முடியாதவர்.

"நான் பிடிக்கிறதில்ல அண்ணே. பிள்ளைங்க மேல சத்தியம்."

"அது தெரியுது. யாருக்கு வச்சதுன்னும் தெரியுது."

"தெரியுதுல்ல? அப்புறம் என்னண்ணே. சிகரெட் பிடிக்கக்கூடாதுன்னு மனுசனுக்குத்தானே சொன்னாங்க. சாமிக்குமா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அறிவிப்பை ஒட்டிய அன்றே அதைப் படித்துவிட்டு, தன் ஆட்களிடம் இனி ஒருவரும் இங்கே பற்றவைக்கக்கூடாது என்று கண்டித்தும் இருக்கிறார்.

யந்திரத்தின் வடிகட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை பஞ்சுத்தூசியை எடுத்துக்கொண்டேன். பெருமாளைப் பின்பக்கத் தளத்துக்குக் கூட்டிப்போய் மணல் பெட்டிக்குள் அதை வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றுமில்லை. பெருமாளின் முகம் மாறிவிட்டது.

"சாமிக்குத் தெரியாதாண்ணே இது?" என்றார்.

"சாமிக்குத் தெரியும். பஞ்சுக்குத் தெரியாது."

அங்கே நின்றபடியேதான் டின் கதையைச் சொன்னார். பெருமாள் டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை வீடு கட்டுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஆட்களுக்கு ஃப்ளாட் கிடைத்தது. மரத்தடி முனியாண்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. புல்டோசர் வருவதற்கு முன் பெருமாள் போய்ப் பிடிமண் எடுத்துவந்துவிட்டார். பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துவந்தால் சாமியும் அதோடு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஃப்ளாட்டில் சுருட்டு ஏற்ற பக்கத்து வீட்டார் விடவில்லை. பிறகு கப்பல் வேலை கிடைத்தது. லாண்ட்ரியில் துணி தேய்க்கும் பெரிய யந்திரத்தில் ஓர் ஆளின் கை வெந்துபோனது. அதற்குப் பிறகுதான் டின்னைக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

"அன்னையிலேர்ந்து அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. என்னை இறக்கிவிட்டா நான் எங்கண்ணே போவேன்? அவரைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

நான் போட்ட சட்டம். நானே மேலே சொல்லியாக வேண்டும்.

லார்சனிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சானையும் கார்மெனையும் கூப்பிட்டார். சட்டம் போட்டவர்கள் எல்லாரும் இருக்கட்டும் என்றார். பெருமாளையும் உட்கார வைத்தார்கள். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில், பெருமாளுக்கு நான் தமிழில் சொன்னேன்.

மிஸ்டர் சான் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "ஈவு இரக்கம் கூடாது என்றது நீங்கள். உங்கள் ஆள் என்றதும் வேறு சட்டமா? என் ஆபீசிலும் சாமி இருக்கிறார். ஒரு நாள்கூட ஊதுபத்தி ஏற்றியதில்லை. சிவப்பு பல்புதான் போட்டிருக்கிறேன். இவரும் பற்றவைக்காத சுருட்டை வைக்கட்டுமே."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் தமிழில் சொன்னேன். பெருமாள் மிஸ்டர் சானைக் காட்டி மரியாதையாகவே கேட்டார்: "பத்தவைக்காத சுருட்ட இவரு பிடிப்பாராண்ணே?"

இதை மொழிபெயர்த்ததும் லார்சன் கையிலிருந்த பைப்பைப் பார்த்தார். அவரும் அதைப் பற்றவைக்காமல்தான் அரை மணி நேரமாகக் கையில் வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரி, இவரை இறக்கிவிடுகிறோம். அதற்குப் பிறகு?"

"லாண்ட்ரியில் மற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள்."

"அதற்குப் பிறகு?"

"இன்னொருவர் ஏற்றுவார். இவ்வளவு வெளிப்படையாக வைக்கமாட்டார். யந்திரத்துக்குப் பின்னால், பஞ்சு சேருகிற இடத்தில் ஒளித்து வைப்பார்."

அடுத்த "அதற்குப் பிறகு" வரவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் கதை அவருக்கு நினைவிருந்தது. "புகைபிடிக்கிற எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். ஒருவரை விட்டுவிட்டோம். அவரும் பின்பக்கத் தளத்துக்கு வரட்டும். எல்லாருக்கும் உள்ள இடம்தான்" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். பெருமாள் தலையை ஆட்டவில்லை.

"காவலுக்கு நிக்கிற சாமிண்ணே. ஆபத்து இருக்கிறது லாண்ட்ரியில. அவரைக் கொண்டுபோய்ப் பின்னால கடலப் பார்த்து உக்கார வச்சா யாரு காவல் காப்பா?"

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று முழித்தேன். எப்படியோ சொன்னேன். லார்சன் சிரிக்கவில்லை. "அவருக்கு ஓய்வு நேரம் கிடையாதா? என் கப்பலில் ஓய்வில்லாமல் யாரும் காவல் நிற்பதில்லை" என்றார்.

சுருட்டு எரிகிற நேரத்துக்கு மட்டும் டின்னோடு மேலே கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தலாம், அது முடியும் என்றார் பெருமாள். "ஆனா நானா முடிவு பண்ண முடியாது சார். பூப் போட்டுக் கேக்கணும். வெள்ளை வந்தா சம்மதம். சிவப்பு வந்தா அவருக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். அப்படி வந்தா நானும் அவரும் போர்ட் கிள்ளான்ல இறங்கிடுறோம்."

தப்பித்துவிட்ட மனிதர் மறுபடியும் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வேண்டாம் பெருமாளு, பேசாம ஒத்துக்க என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் லாண்ட்ரிக்குப் போனோம். யந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். லார்சன் வழக்கம்போல் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தார். பூ கார்மெனுடையது, சாப்பாட்டு மேசை அலங்காரத்திலிருந்து வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. டிஷ்யூ தாளில் அவரே இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டுவந்து டின்னுக்கு முன்னால் வைத்தார். இதில் சம்பந்தப்படாத ஒருவர்தான் எடுக்க வேண்டும், சின்னக் குழந்தை என்றால் நல்லது என்றார் பெருமாள். பயணிகளின் குழந்தையை லாண்ட்ரிக்குக் கூட்டிவர முடியுமா? பெருமாள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு மிஸ்டர் சானைக் காட்டினார்.

"இவரு எடுக்கட்டும்ண்ணே. இவருதான் எனக்காகப் பேசாதவரு."

நான் சொன்னதும் மிஸ்டர் சான் திகைத்துவிட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பெருமாள் கும்பிட்டபடி கண்ணை மூடி நின்றார், உதடு மட்டும் அசைந்தது. மற்ற ஆட்களும் கும்பிட்டு நின்றார்கள். நானும் கும்பிட்டேன். அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. சான் குனிந்து, வலது பக்கம் இருந்ததைத் தொட்டு, விட்டுவிட்டு, இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

பெருமாள் சத்தமில்லாமல் அழுதார். கார்மென் குனிந்து மற்றொரு பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்க ஆசையும் இல்லை. லார்சன் பெருமாளுக்கு எச்சரிக்கை கொடுத்து, சில பயணங்களுக்குக் கரையில் இறங்கக்கூடாது என்று தண்டனையும் போட்டார். அது நியாயம்தான். எரிகிற சுருட்டைத் தனியே விட்டுப் போகக்கூடாது, அணையும்வரை ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெருமாள் டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வருவார். மணல் பெட்டி பக்கத்தில் டின்னை வைத்துச் சுருட்டைப் பற்றவைப்பார். காற்று பற்றவிடாது. பைப்போடு அங்கே நிற்கும் லார்சன் காற்று வருகிற பக்கமாக நகர்ந்து மறைத்து நிற்பார். எரிந்து முடிந்ததும் பெருமாள் டின்னைப் பார்த்து, "போலாமா சாமி, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். நான் அந்தக் கப்பலில் இருந்தவரை இது ஒரு வாரமும் தவறவில்லை.

இதில் பாதியைத்தான் ரேவதியிடம் போனில் சொன்னேன், கெசினோ வாதம்வரை. கேட்டுவிட்டு அவள் சலித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பேசி ரூல்ஸ் போட்டீங்களே அங்கிள், ஒழுங்கா கேட்டு நடந்தவங்க ஒருத்தராவது இருந்தாங்களா? எங்க கப்பல்ல ஒருத்தரும் இல்ல."

யோசித்துப் பார்த்தேன். பயணிகளைப் பாத்ரூமில் பிடித்திருக்கிறேன். எஞ்சினியரைப் படிக்கட்டுக்கு அடியில் பிடித்திருக்கிறேன். லார்சனையே ஒரு தடவை உயிர்காப்புப் படகுகளுக்கு அருகில் பைப்போடு பிடித்து, அவர் மன்னிப்புக் கேட்க, நான் சங்கடப்பட்டு நின்றிருக்கிறேன்.

"ஒருத்தர் இருந்தாரும்மா. வெள்ளிக்கிழமை வருவாரு. சொன்ன இடத்துல நின்னு பிடிப்பாரு. சாம்பல ஒரு பொட்டு கீழ விடமாட்டாரு. முடிஞ்சதும் நேரா வேலைக்குப் போயிருவாரு."

"பரவால்லையே. யாரு அங்கிள் அது, ஆபிசரா?"

"இல்லம்மா, காவல்காரரு. டெங்கில் ஆளு."